கோணலான கோடுகளின் பதிவேடு

கடகத்தையோ சுளகையோ கன்வசில் ஒட்டிப் பக்கத்தில் கொஞ்சம் வர்ணம் பூசினால், மரபும் நவீனமும் கலந்த கலை என்று பாராட்டிவிடுகிறோம். இந்தப் பாராட்டு எனக்கு உடன்பாடில்லை. ஓலையை எப்படி வாருவது, எந்தக் கணக்கில் இழைப்பது என்ற ஒழுங்கு அந்தப் படைப்புக்குள் வரவேயில்லை.

கானாவில் 1944இல் பிறந்த எல் அனட்சுயி இதற்கு நல்ல அளவுகோல். மதுப்போத்தல் மூடிகளைத் தட்டி, செப்புக் கம்பியால் கோத்துச் சுவரளவு விரிப்புகள் செய்கிறார். அவர் பிறந்த எவே மக்களின் கெண்டே துணி, ஒடுக்கமான பட்டிகளை நெய்து பின் ஒன்றாகத் தைத்து உருவாவது. அந்தச் செய்முறையே மூடிகளில் தொடர்கிறது. மதுவோ ஐரோப்பியர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுவந்த வியாபாரச் சரக்கு. செய்முறையும் பொருளும் ஒரே வரலாற்றைப் பேசுவதால்தான் அந்த விரிப்புகள் நிற்கின்றன. வெனிஸ் பியன்னாலே 2015இல் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதை அவருக்கு வழங்கியது.

இதே அளவுகோலால் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற கலைநூலை அளந்து பார்க்கிறேன். 2011இல் வெளிவந்தது. அலுவலகக் கோப்பு போன்ற அமைப்புக்குள், போரால் இடம்பெயர்ந்தவர்களின் 80 கதைகள். தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை அவர்களே நினைவிலிருந்து கீறியிருக்கிறார்கள். அதைக் கட்டடக் கலைஞரின் வரைபடம் அளவோடு திருப்பிக் கீறுகிறது. பிறகு சனாதனனின் பாஸ்டல் ஓவியம்.

தோம்பு என்பது போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வரி அறவிட எழுதிய காணிப் பதிவேடு. யாழ்ப்பாணத்தில் காணி உறுதி, நகைக்குச் சமமாகப் பெட்டகத்தில் காக்கப்படும் பொருள். எல்லை எழுதுவதும் நில அளவைப் படம் கீறுவதும் தலைமுறைகளாகக் கைமாறிய திறமைகள்தாம். அவற்றைக் கைவினைக் கண்காட்சியில் யாரும் வைப்பதில்லை. சனாதனன் எடுத்துக்கொண்டது அந்தத் திறமையை. 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் பெரும் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனதையும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே போரால் எழும்பிப் போனதையும் அறிந்தவர்களுக்கு இந்தத் தெரிவின் கனம் விளங்கும். உறுதி கையில் இருந்தது, காணிக்குள் கால் வைக்க முடியவில்லை. அரசின் பதிவேடு சொல்லாமல் விட்டதை, வீட்டை இழந்தவரின் கை எழுதுகிறது.

நூலின் உயிர் முதல் இரண்டு வரைபடங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது. நினைவில் கீறிய கோடு கோணும். விறாந்தை பெருத்துவிடும், கிணற்றடி வீட்டோடு ஒட்டிக்கொள்ளும், குசினிக்கு வாசல் மறந்துபோகும். கட்டடக் கலைஞர் அதை நேராக்கும்போது வீடு திரும்பக் கிடைத்தது போலவும், இன்னொரு முறை பறிபோனது போலவும் தோன்றுகிறது. ஒரு வார்த்தை புலம்பாமல் இதைச் சாதித்த வேறொரு ஈழத்து ஓவியப் படைப்பை நான் காணவில்லை.

ஆனால் மூன்றாவது அடுக்கில் எனக்குத் தடை உண்டு. பாஸ்டல் ஓவியங்கள் தனித்தனியே தேர்ந்த கையின் வேலை என்பதில் ஐயமில்லை. இருந்தும் சில இடங்களில், கோணலான கோடு ஏற்கெனவே உணர்த்திவிட்டதை அவை படிமமாக்கித் திருப்பிச் சொல்கின்றன. இழந்தவரின் கைக்குப் பின்னால் ஓவியரின் கை தீர்ப்பு எழுதுவது போல ஆகிறது. அந்த இடங்களில் அவர் விலகி நின்றிருக்கலாம்.

இன்னொரு கேள்வி வடிவத்தைப் பற்றியது. தோம்பு காணியுடையவரின் கணக்கு. யாழ்ப்பாணத்தில் சாதியின் பெயரால் காணியுரிமை மறுக்கப்பட்டு, மற்றவர் வளவில் கொட்டில் போட்டு வாழ்ந்தவர்கள் அநேகர். போர் அவர்களையும் துரத்தியது. எல்லை எழுதப்படாத வாழ்வை, எல்லை எழுதும் வடிவம் முழுதாகத் தாங்காது. தலைப்பு தன்னை முடிவுறாதது என்று ஒப்புக்கொள்வதால் மட்டும் இந்தக் கேள்வி தீர்ந்துவிடாது.

இத்தனையும் நிறுத்த பின்னும், கைத்திறனின் உள்ளொழுங்கைத் தற்காலக் கலைக்குள் கொண்டுவந்ததில் ஈழத்துக் கலையின் முதன்மையான படைப்பாக இதையே வைப்பேன். இதைப் பின்பற்ற வரும் இளம் ஓவியர்கள் நாற்சார் வீட்டைத் திரும்பக் கீற வேண்டாம். உறுதியில்லாத கொட்டிலில் வாழ்ந்தவரிடம் போய், அவர் கையில் பென்சிலைக் கொடுக்கட்டும்.