ஒளியை விஞ்சும் கதி: ஒரு விமர்சனக் குறிப்பு

ஒளியிலும் விரைந்து செல்வது எதுவும் உண்டா என்ற வினா தமிழில் எழும்போதெல்லாம் இருவகை விடைகளே பெரிதும் முன்வைக்கப்படுகின்றன. மனோவேகத்தை உணர்ந்த எம் முன்னோர் இதனை என்றோ கண்டறிந்துவிட்டனர் என்பது ஒன்று. ஐன்ஸ்ரைன் தடுத்துவிட்டார், ஆதலால் வினாவே வீண் என்பது மற்றொன்று. பிந்தியது முற்போக்கு வட்டாரங்களில் செல்வாக்குடையது என்பதால் அதனையே முதலில் நோக்குவோம்.

1962 இல் பிலானியுக், தேஷ்பாண்டே, சுதர்சன் ஆகிய மூவரும் ஓர் அமெரிக்கப் பௌதிகவியல் ஏட்டில் இவ்வினாவை மீளத் திறந்தனர். இவர்களுள் ஈ. சி. ஜி. சுதர்சன் 1931 இல் கோட்டயத்தை அடுத்த பள்ளத்திற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர். சார்புக் கொள்கை தடுப்பது ஒளியின் கதியைக் கடப்பதையே என்பது அவர்கள் வாதம். ஒளியிலும் மெதுவாகச் செல்லும் பொருளை அக்கதிக்கு உயர்த்த முடிவிலாச் சக்தி வேண்டும். ஆனால் தோன்றும்போதே அவ்வெல்லைக்கு அப்பால் விரையும் துணிக்கைக்கு எதனையும் கடக்கவேண்டிய தேவை இல்லை. அது சக்தியை இழக்க இழக்க மேலும் விரைவுறும். 1967 இல் ஃபைன்பேர்க் இத்தகைய துணிக்கைக்குத் தக்கியோன் எனப் பெயரிட்டார். அதன் திணிவு கணிதத்திற் 'கற்பனை' எண்ணாக அமைகிறது. (இச்சொல்லைக் கவிஞரின் கற்பனையோடு ஒன்றெனக் கொள்வோர்க்கு, கலைச்சொல் எதுவும் அகராதிப் பொருளில் அடங்குவதில்லை என்பதை நினைவூட்டலாம்.)

எனவே ஐன்ஸ்ரைனின் பெயரைச் சொல்லி வினாவை மூடுவது அறிவியல் நோக்காகாது. உண்மையான இடர் காரணகாரியத் தொடர்பிலேயே உள்ளது.

பேராதனை வளாகத்தினூடே ஏறிச்செல்லும் வீதி கலஹாவின் தேயிலை மலைகளை அடைகிறது. அத்தகைய தோட்டங்களில் பெரட்டுக்குத் தொழிலாளரை அழைக்க முன்னாளில் தப்பு அடிக்கப்பட்டது. ஒரு கிலோமீற்றர் தொலைவில் எதிர்மலையில் நிற்பவர் கோல் விழுவதைக் கண்ட பின்னர் ஏறத்தாழ மூன்று செக்கன் கழித்தே ஓசையைக் கேட்பார். எனினும் அடி முந்தியது, கேட்டல் பிந்தியது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஒளியை விஞ்சும் செய்தியொன்று அனுப்பப்படுமாயின் இவ்வொழுங்கு குலைந்துவிடும். அடி விழுமுன்னரே செய்தி சேர்ந்துவிட்டது என அளந்துரைக்கும், வேறு வேகத்தில் இயங்கும் நோக்குநரும் இருப்பர். ஒருவர்க்கு வெளியேற்றமாகத் தோன்றுவது மற்றவர்க்கு உறிஞ்சலாகத் தோன்றும் என விளக்கிச் சுதர்சன் குழுவினர் இதற்கு விடைகாண முயன்றனர். செய்தி அனுப்புதல் என்ற நிலை வரும்போது அவ்விளக்கம் எமக்கு நிறைவு தருவதாயில்லை.

மனோவேகக் கதைக்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை. நரம்பினூடு செல்லும் கணத்தாக்கத்தின் உச்சக் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 120 மீற்றர். தப்பின் ஓசையோ 340 மீற்றர். சந்திரனை நினைத்த கணத்தில் மனம் அங்கே சென்றுவிடுவதில்லை. சந்திரனின் முகத்தின் குறுக்கே ஒளிப்பொட்டொன்றை நூறில் ஒரு செக்கனில் ஓட்டினால் அப்பொட்டு ஒளியின் கதியை விஞ்சும் என்பது உண்மையே. ஆயினும் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அங்கே எப்பொருளும் செல்வதில்லை, செய்தியும் செல்வதில்லை.

2011 செப்ரெம்பரில் ஒப்பெரா ஆய்வுக்குழு, ஜெனீவாவை அடுத்த சேர்ன் நிலையத்திலிருந்து 730 கிலோமீற்றர் கடந்து இத்தாலியின் கிரான் சாசோவை அடைந்த நியூத்திரினோக்கள் ஒளியிலும் ஏறத்தாழ 60 நனோசெக்கன் முந்தியதாக அறிவித்தது. ஐன்ஸ்ரைன் வீழ்ந்தார் என ஆர்ப்பரித்தோர் பலர். படிக்காமலே நகைத்தோரும் பலர். ஆய்வாளரோ தம் அளவீட்டிற் பிழை தேடுமாறு பிறரை அழைத்தனர். 2012 இல் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு முதன்மைக் காரணமென அறியப்பட்டது. அவ்வாண்டின் மறு அளவீடுகளில் நியூத்திரினோக்களின் கதி ஒளியின் கதியோடு ஒத்திருந்தது. சுதர்சன் 2018 இல் மறைந்தார். அவரும் தோழரும் முன்மொழிந்த துணிக்கை எந்தப் பரிசோதனையிலும் இதுவரை அகப்படவில்லை.