அஞ்சியின் கள்ளும் நெல்லியும்

இன்பத்தை ஓர் அறமாகப் பேசத் தமிழில் கூச்சம் இருக்கிறது. சுகவாதி என்பது இங்கு வசைச்சொல். உலகாயதனின் குரல்கூட எதிராளியின் வாய்வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. மணிமேகலையில் பூதவாதி தன் கொள்கையைச் சொல்கிறான், அவள் சிரிக்கிறாள். நீலகேசியிலோ அவன் தோற்பதற்காகவே வருகிறான். ஆனால் தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றிய ஔவையின் புறப்பாடல்களைச் சேர்த்து வாசிக்கையில், வாதமாக அல்ல, வாழ்க்கையாகவே ஓர் இன்ப அறம் அங்கே இயங்குவதாக எனக்குப் படுகிறது.

நெல்லிக்கனியைப் (புறம் 91) பாடப்புத்தகங்கள் தியாகக் கதையாக்கிவிட்டன. அந்த வாசிப்பில் அஞ்சி ஒரு துறவி. அவன் இறந்தபின் ஔவை பாடிய 235ஆம் பாட்டில் இருப்பவனோ வேறு ஆள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் இவர்களுக்குக் கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் இவர்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தானும் குடித்து மகிழ்வான். சோறு சிறிதானாலும் பல கலங்களில். நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் இவள் தலையைத் தடவுவான். இதில் துறவு எங்கே? நாக்கு, மணம், தொடுகை—எல்லாம் உடம்பின் சங்கதிகள். பங்கு வைக்காத இன்பம் அவனுக்கு இன்பமாகவே இல்லை, அவ்வளவுதான்.

ஏதென்ஸில் தன் தோட்டத்தில் பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டு வாழ்ந்த எபிகூரஸ் (கி.மு. 341–270) இதை உடனே புரிந்துகொண்டிருப்பான். எதை உண்கிறோம் என்பதைவிட யாரோடு உண்கிறோம் என்பதை முதலில் பார்க்கச் சொன்னவன் அவன். உணவில் அளவைவிட ருசியைத் தேர்வதுபோல, காலத்திலும் நீளத்தைவிட இனிமையைத் தேர்பவனே அறிவாளி என்றும் எழுதினான். நெல்லிக்கனியின் தர்க்கமும் இதுவே. ஔவை இல்லாத நீண்ட ஆயுள் அஞ்சிக்கு நீளம் மட்டுமே. கனியைக் கொடுத்தது இன்பத்தை விட்டதல்ல, தேர்ந்தது.

சரி, இந்தக் கள்ளுக்கு விலை கொடுத்தவன் யார்? இக்கேள்வியைத் தட்டிக் கழித்தால் இது வெறும் அஞ்சி பஜனையாகிவிடும். கோவலூரை அவன் அழித்ததை ஔவையே பாடியிருக்கிறாள் (99). எபிகூரஸ் அரசியலை விட்டு விலகித் தன் தோட்டத்துக்குள் ஒதுங்கினான். அஞ்சியின் பந்திக்கோ இன்னோர் ஊரின் அழிவு பின்புலம். பந்தியில் உட்கார்ந்தவர்களிடம் அவன் காட்டிய நுட்பம் பந்திக்கு வெளியே இல்லை. 1981இல், அதே திருக்கோவலூருக்கு அருகில், ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி குகையில் பாழி கொடுத்ததைச் சொல்கிறது. கள்ளைப் பகிர்ந்தவன் துறவிகளுக்குப் படுக்க இடமும் தந்திருக்கிறான். அழித்த ஊருக்குச் செய்த பரிகாரமா? கல்வெட்டில் அதற்குப் பதில் இல்லை. இன்ப அறத்தின் சோதனை வட்டம் எவ்வளவு பெரிது என்பதில்தான் இருக்கிறது. அஞ்சியின் வட்டம் ஔவைவரை வந்தது, கோவலூர்வரை போகவில்லை.

தருமபுரி மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கூலிக்குப் பஸ் ஏறும் மக்கள். இவர்களிடம் இன்பத்தைப் பேசுவது ஆபாசம் என்று முற்போக்கு நண்பர்களும் ஆன்மிக நண்பர்களும் ஒரே குரலில் சொல்லக்கூடும். களியும் கொள்ளும் தின்பவனுக்கு எளிமையைப் போதிப்பதுதான் எனக்கு ஆபாசமாகப் படுகிறது. துறப்பதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? ருசியும் ஓய்வும் பாட்டும் அவனுக்கும் உரியவை என்று சொல்லாத எந்த அறமும் அவனைப் பற்றிய அறம் அல்ல.

இப்பகுதி நடுகற்கள் சிலவற்றில் வீரனின் காலருகே ஒரு கெண்டி செதுக்கியிருக்கிறது. செத்தவனுக்கும் தாகம் உண்டு என்று நம்பியவர்களின் கல் அது. நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லின் முன் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை வாங்குவானா என்று ஔவை கேட்கிறாள் (232). வாங்கமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். எதிரில் குடிக்க ஆள் வேண்டும் அவனுக்கு.