டெக்கார்ட் மனிதனா? இயக்குநரைக் கேட்காதீர்கள்

‘பிளேட் ரன்னர்’ பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். தப்பியோடிய ரெப்ளிகண்டுகளை, அதாவது செயற்கை மனிதர்களை, வேட்டையாடும் டெக்கார்ட் தானே ஒரு ரெப்ளிகண்டா? உடனே யாராவது, “ரிட்லி ஸ்காட்டே ஆமான்னு சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?” என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த முடிவுதான் எனக்கு உறுத்துகிறது.

ஸ்காட் சொன்னது உண்மைதான். ஆனால் டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்ட் அதை எதிர்த்தார். பார்வையாளர்கள் ஒட்டிக்கொள்ள ஒரு மனிதனாவது வேண்டும் என்பது அவர் வாதம். ஒரே பாத்திரம், இரண்டு நோக்கங்கள். யாருடையதை எடுத்துக்கொள்வது?

படத்தையே பார்ப்போம். 1982இல் வெளியான பதிப்பின் கடைசியில் காஃப் ஒரு காகித யூனிகார்னை விட்டுச் செல்கிறான். அவன் வந்து போனதற்கான அடையாளம், அவ்வளவுதான். 1992 பதிப்பில் டெக்கார்ட் யூனிகார்னைக் கனவு காணும் சில விநாடிகள் சேர்ந்தன. காகிதம் அதேதான். ஆனால் இப்போது அது, “உன் கனவுகூட எனக்குத் தெரியும்” என்கிறது. ஸ்காட்டின் நோக்கம் படத்தொகுப்பின் வழியாகப் படத்துக்குள் வந்துவிட்டது. இதை அறிய நேர்காணல் தேவையில்லை.

அதே படத்தின் மழைக்காட்சி வேறு பக்கம் இழுக்கிறது. நான்கே ஆண்டு ஆயுள் கொண்ட ராய், தன்னைக் கொல்ல வந்தவனைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். டெக்கார்ட் மனிதன் என்றால், அது அடிமை தன் வேட்டைக்காரனுக்குத் தரும் மன்னிப்பு. அவனும் ரெப்ளிகண்ட் என்றால், அந்தக் கனத்தில் பாதி போய்விடுகிறது. அங்கே ராய் பேசும் பேச்சு திரைக்கதையில் நீளமாக இருந்தது. அதைச் சுருக்கி, மழையில் கரையும் கண்ணீரைப் பற்றிய வரியைச் சேர்த்தவர் நடிகர் ருட்கர் ஹாயர். படத்திலேயே அதிகம் நினைவுகூரப்படும் வரி ஒரு நடிகருடையது!

இயக்குநரே படைப்பாளி என்ற வாதத்துக்கு 1954இல் த்ரூஃபோ எழுதிய கட்டுரை வழி திறந்தது. வெறும் கதையைப் படம் பிடிப்பவராக இயக்குநரைப் பார்த்த காலத்தில் அது தேவைப்பட்டது. நாமோ இன்று அவருடைய நேர்காணலை எஸ்.பி.எம். விடைத்திட்டம் போல ஆக்கிவைத்திருக்கிறோம்.

படத்தை முடித்த பிறகு இயக்குநரும் ஒரு பார்வையாளர்தான். நிறைய விஷயம் தெரிந்த பார்வையாளர், சரி. ஆனால் காகித யூனிகார்னும் மழையும் ஒன்றோடொன்று முரண்படும்போது, அவருடைய ஒரு “ஆமாம்” அதைத் தீர்த்துவிடாது. தீர்க்க விட்டால் நஷ்டம் நமக்குத்தான். ராய் யாரை மன்னித்தான் என்று யோசிக்கும் வேலையே நமக்கு இல்லாமல் போய்விடும்.