தட்டிக் கேட்கும் கலை

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களில் ஒரு காட்சியைக் காணலாம். சூளையிலிருந்து இறக்கி ஆறவைத்த பொருள்களைத் தொழிலாளி ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கிறார். விரல் கணுவால் மெல்லத் தட்டுகிறார். செவி சாய்த்துக் கேட்கிறார். கணீரென ஒலித்தால் பொருள் நன்று. மந்தமாக ஒலித்தால் உள்ளே எங்கோ கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த வேலையைச் செய்யும் இளைஞர் ஒருவர், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் பெற்றவர், ஒரு மாலையில் பங்கு இல்லத்திற்கு வந்தார். "ஃபாதர், நான் லைஃப் கோச் ஆகலாம்னு இருக்கேன். பயிற்சிக்குப் பணம் கட்டணும். என் நாலு மாசச் சம்பளம். கட்டலாமா?" என்று கேட்டார். நாம் உடனே பேசத் தொடங்கினோம். கடன் வாங்குவதன் தீமை, கைத்தொழிலின் பெருமை, மேலை நாட்டு மோகம் என்று அரைமணி நேரம் பேசினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து ஒரு நூலை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதைப் படிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க ஃபாதர்" என்று கூறிப் புறப்பட்டார். அந்த அரைமணி நேரத்தில் வழிகாட்டியின் பணியைச் சரியாகச் செய்தவர் அவரே என்பது, நூலைப் படித்து முடித்த பின்னரே நமக்குப் புரிந்தது.

அந்நூல் ஜான் விட்மோர் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1992இல் வெளிவந்த 'கோச்சிங் ஃபார் பெர்ஃபாமன்ஸ்'. வாழ்க்கைப் பயிற்றுநர் என்னும் தொழிலைக் கற்போர் பலரும் முதலில் கையில் எடுக்கும் நூல்களுள் இதுவும் ஒன்று.

தமிழ் வாசகர்க்கு வாழ்க்கை முன்னேற்ற நூல்கள் புதியவை அல்ல. அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி'யைப் படித்து நிமிர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கிய எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' நம் இளைஞர் பலரின் தலைமாட்டில் இருந்த நூல். அவ்வாண்டு வெளிவந்த 'உன்னால் முடியும் தம்பி' திரைப்படத்தின் நாயகனுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். அந்நூல்களில் ஆசிரியர் பேசுகிறார், வாசகர் கேட்கிறார். விட்மோர் கற்பிக்கும் தொழிலிலோ பயிற்றுநர் வாய் மூடுகிறார், வந்தவர் பேசுகிறார்.

விட்மோர் (1937–2017) ஒரு கார்ப் பந்தய வீரர். 1965இல் ஐரோப்பிய சாம்பியன் பட்டம் வென்றவர். பின்னர், 1974இல் டென்னிஸ் ஆட்டத்தின் உள்மனப் பக்கத்தை விளக்கி ஒரு நூல் எழுதிய டிமொத்தி கால்வே என்னும் அமெரிக்கரிடம் பாடம் கேட்டார். கால்வேயின் கண்டுபிடிப்பு எளிமையானது. "பந்தைப் பார்" என்று நூறு முறை கட்டளையிட்டாலும் ஆட்டக்காரர் பந்தைப் பார்ப்பதில்லை. "பந்து எந்தப் பக்கமாகச் சுழன்று வருகிறது?" என்று கேட்டால், விடை சொல்வதற்காகவேனும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கட்டளை செய்யாததைக் கேள்வி செய்கிறது.

நூலில் சுவையான நிகழ்ச்சி ஒன்று வருகிறது. டென்னிஸ் பயிற்றுநர்கள் போதாமற் போன ஒரு சமயத்தில், இம்முறையில் தேர்ந்த பனிச்சறுக்குப் பயிற்றுநர்களுக்கு டென்னிஸ் உடை அணிவித்து ஆடுகளத்திற்கு அனுப்பினார்களாம். அவர்களுக்கு டென்னிஸ் தெரியாது. ஆகவே கற்பிக்க அவர்களிடம் எதுவும் இல்லை. கேள்வி மட்டுமே இருந்தது. மாணவர்கள் நன்றாகவே தேறினார்கள். நிறைய அறிந்திருப்பதே சில வேளைகளில் வழிகாட்டிக்குத் தடையாகிவிடுகிறது. குருமடத்தில் பல்லாண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்ற நம்மைப் போன்றோருக்கு இது சற்றுக் கசப்பான மருந்துதான்.

விட்மோர் பரப்பிய முறையில் நான்கு படிகள் உள்ளன. 'வளர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகள் அவற்றைக் குறிக்கின்றன. முதலாவது, இலக்கு: நீர் எதை அடைய விரும்புகிறீர்? இரண்டாவது, உண்மை நிலை: இப்போது எங்கே நிற்கிறீர்? மூன்றாவது, வாய்ப்புகள்: என்னென்ன வழிகள் உள்ளன? நான்காவது, உறுதி: எதை, எப்போது செய்வீர்? இவற்றின் அடியில் அவர் இரண்டு தூண்களை நிறுத்துகிறார்: விழிப்புணர்வு, பொறுப்புணர்வு. 'ஏன்' என்ற வினாவை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறார். அது குற்றம் சாட்டுவதாக ஒலித்து, எதிரிலிருப்பவரைத் தற்காப்புக்குத் தள்ளிவிடும் என்பது அவர் கருத்து. பெற்றோரும் ஆசிரியரும் இந்த ஓர் அறிவுரைக்காகவே நூலைப் படிக்கலாம்.

இவ்விடத்தில் நூலைச் சற்று மூடிவைத்து, நம் குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அகல்விளக்குகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைக்கும் தாய் ஒருவர் வந்து, "சாமி, பையன் படிப்பை நிறுத்திட்டான்" என்றார். அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குமுன் நாம் தீர்வைத் தொடங்கிவிட்டோம். பள்ளிக் கட்டணத்திற்குக் கடிதம் எழுதித் தந்தோம். பையனைக் கண்டிக்கும்படி சொன்னோம். "சரிங்க சாமி" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்று மாதங்கள் கழித்தே செய்தி தெரிந்தது. பையன் இரவில் உறங்குவதில்லை, யாரோ தன்னைத் துரத்துவதாக அஞ்சுகிறான், தனியே பேசிக்கொள்கிறான். இவற்றைச் சொல்லத்தான் அந்தத் தாய் வந்திருந்தார். மனநல மருத்துவரிடம் போக வேண்டிய பிள்ளை, நம் கடிதத்தோடும் கண்டிப்போடும் மூன்று மாதங்கள் வீட்டுக்குள் கிடந்தான். இப்போது சிகிச்சையில் இருக்கிறான்; தேறி வருகிறான். ஆனால் அந்த மூன்று மாதங்களை யாராலும் திருப்பித் தர இயலாது. "வேறென்ன, அம்மா?" என்னும் ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

ஆகவே இத்தொழிலின் முதற்பாடம் நமக்கும் பாடமே. நம் மொழி இதை முன்னரே அறிந்திருக்கிறது. வினவுதலுக்கும் செவிமடுத்தலுக்கும் தமிழில் 'கேட்டல்' என்னும் சொல் ஒன்றே. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயர். ஆனால் அங்கே பேசப்படுவது செவியால் பெறும் செல்வம்.

இவ்வளவும் ஏற்றுக்கொண்ட பின்னரும் நூலோடு நமக்கு வழக்கு உண்டு.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், சில வசன இடைவெளியில், இயேசு ஒரே கேள்வியை இரு முறை கேட்கிறார். தமக்கு அவர் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்பதே அக்கேள்வி. எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவிடம் கேட்கிறார். கண் தெரியாதவன் எதைக் கேட்பான் என்பது கூட்டத்தில் நின்ற சிறுவனுக்கும் தெரியும். இருந்தும் அவன் வாயாலேயே சொல்லவிடுகிறார். விட்மோர் இதைக் கண்டால் மகிழ்வார். ஆனால் அதற்குச் சற்று முன்னர் செபதேயுவின் மக்கள் யாக்கோபிடமும் யோவானிடமும் அதே கேள்வி கேட்கப்படுகிறது. அவர்கள் வலப்புறமும் இடப்புறமும் அரியணை கேட்கிறார்கள். தெளிவான இலக்கு, தெளிவான விருப்பம். ஆயினும், தாங்கள் கேட்பது இன்னதென அவர்களுக்கே தெரியவில்லை என்று ஆண்டவர் சொல்லிவிடுகிறார்.

இந்த இரண்டாவது நிகழ்ச்சிக்கு விட்மோரின் நான்கு படிகளில் இடமில்லை. இலக்கு எட்டக்கூடியதா, அளவிடத்தக்கதா, சட்டத்துக்கு உட்பட்டதா என்றெல்லாம் நூல் கேட்கச் சொல்கிறது. அந்த விருப்பம் எங்கிருந்து பிறந்தது, அது நிறைவேறினால் இவர் எத்தகைய மனிதர் ஆவார், அதற்கு விலை கொடுப்பவர் யார் என்று தட்டிப் பார்க்க அது சொல்லித் தருவதில்லை. பீங்கானைத் தட்டாமல் நிறத்தையும் பளபளப்பையும் மட்டும் பார்த்து அனுப்புவது போன்றது இது.

மற்றொரு குறையும் உண்டு. இக்கலை ஆடுகளத்தில் பிறந்து பெரு நிறுவனங்களின் அலுவலகங்களில் வளர்ந்தது. 'என்னென்ன வாய்ப்புகள் உள்ளன?' என்னும் மூன்றாம் படி, வாய்ப்புகள் பல உடையவரை மனத்திற்கொண்டது. ஒரு காலத்தில் வீடுதோறும் வேண்டியிருந்த பீங்கான் ஃபியூஸ் கேரியரின் இடத்தைத் தானியங்கி மின்தடுப்பான்கள் பிடித்துக்கொண்டன. அதனால் கூலி குறைந்த தொழிலாளியிடம் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனால், சந்தை செய்த மாற்றத்தின் பழியை அவர் மனவுறுதியின் மேல் சுமத்துகிறோம். சில துன்பங்கள் பாதிக்கப்பட்டவரிடம் கேட்டுத் தீர்வன அல்ல. அவர் பொருட்டுப் பிறரிடம் போய்த் தட்டிக் கேட்டுத் தீர்க்க வேண்டியவை.

அப்படியானால் வழிகாட்டியாக விரும்புபவர் கற்க வேண்டிய அடிப்படைகள் யாவை? திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்த தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், தியானம் கொடுப்பவர் சுருக்கமாகப் பேச வேண்டும் என்றும், துலாக்கோலின் முள்ளைப் போல் எப்பக்கமும் சாயாமல் நடுவில் நிற்க வேண்டும் என்றும் இஞ்ஞாசியார் அறிவுறுத்துகிறார். இதுவரை விட்மோரும் அவரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். ஆனால் இஞ்ஞாசியார் ஒரு படி மேலே போகிறார். உள்ளத்தில் எழும் விருப்பங்கள் எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வருவன அல்ல. அவற்றைப் பகுத்துத் தெளிவதற்கும் பயிற்சி வேண்டும் என்று விதிகள் வகுத்துத் தருகிறார்.

நம் பகுதிக்கு மிக நெருங்கியவரான வீரமாமுனிவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருத்தலத்தோடு பெயர் இணைந்த அவர், 18ஆம் நூற்றாண்டில் ஊர்தோறும் மக்களுக்கு வழிகாட்டிய வேதியர்களுக்காக ஓர் உரைநடை நூல் எழுதினார். அதற்கு அவர் 'வேதியர் திறமை' என்று பெயரிடவில்லை; 'வேதியர் ஒழுக்கம்' என்றே பெயரிட்டார். பிறர் வாழ்வைத் தொடுபவர் முதலில் தட்டிப் பார்க்க வேண்டிய பாண்டம் தாமே என்பது அத்தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இக்காலப் பயிற்றுநர் உலகத்திலும் நேர்மையானோர் இதை உணராமல் இல்லை. 1995இல் தாமஸ் லெனார்டு அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டுப் பயிற்றுநர் கூட்டமைப்பு, முதல் நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் பாடமும் 100 மணி நேர நேரடிப் பயிற்சிப் பணியும் கேட்கிறது. அடுத்த நிலைக்கு 125, 500. உயர் நிலைக்கு 200, 2,500. கற்பவரின் உரையாடலை மூத்தவர் ஒருவர் கேட்டுத் திருத்தவும் வேண்டும். அதன் திறன் பட்டியலில் நன்னெறிக்கே முதலிடம். தமக்கு இயலாததை மருத்துவரிடமோ உளநல வல்லுநரிடமோ அனுப்பத் தெரிவதும் அந்நன்னெறியில் அடங்கும். நம் நாட்டில் இத்தொழிலுக்கு அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை. எவரும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் தருவோரிடம் எச்சரிக்கை வேண்டும்.

அந்த இளைஞர் நூலைத் திரும்பப் பெற வந்தபோது, இம்முறை நாம் பேசவில்லை. "தம்பி, ஏன்..." என்று தொடங்கி, விட்மோரை நினைத்து நிறுத்திக்கொண்டு, "இந்த எண்ணம் எப்போது வந்தது?" என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, உடன் வேலை செய்த நண்பர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதையும், முந்தின நாள் மாலை அவர் ஏதோ பேச வந்ததையும், "நாளைக்குப் பேசலாம்டா" என்று தாம் சொல்லி அனுப்பியதையும் கூறினார். அரைமணி நேரம் அவருக்கு அறிவுரை வழங்கிய நமக்கு, இது தெரியாமலே இருந்தது.

பணம் கட்டலாமா என்ற கேள்விக்கு நாம் விடை சொல்லவில்லை. அந்த விருப்பம் எந்த ஊற்றிலிருந்து வருகிறது, குற்றவுணர்விலிருந்தா அன்பிலிருந்தா என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்றோம். அதுவரை, சான்றிதழ் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்றைச் செய்து பழகலாம் என்றோம். வாரம் ஒரு மாலை அவர் தம் தொழிற்கூட நண்பர்கள் சிலரோடு தேநீர்க் கடையில் அமர்கிறார். பேசுவதில்லை, கேட்கிறார்.

வாசகர்களே, இந்த நூலைப் படிக்க வாய்ப்பிருந்தால் படியுங்கள். அதன் நான்கு படிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஒன்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றிரவு உங்கள் வீட்டில் யாரேனும் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்தினால், அதை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். ஒலி முழுவதும் அடங்கும் வரை காத்திருங்கள். கீறல் இருக்கும் இடம் கடைசியில்தான் கேட்கும்.