செம்பருத்தியில் பருத்தி எங்கே?

எங்கள் டாலிகஞ்ச் வீட்டு வேலியோரச் செடியைப் பேத்தி 'குட்ஹல்' என்கிறாள். எதிர்வீட்டு வங்காளிப் பாட்டிக்கு அது 'ஜபா'. "செம்பருத்தின்னு சொல்லும்மா" என்றேன். "இதுல பஞ்சே இல்லையே தாத்தா, அப்புறம் ஏன் பருத்தி?" என்று கேட்டுவிட்டாள். நாற்பது வருஷம் ஜவுளி விற்றவனுக்கு உறைக்காமல் இருக்குமா?

சிவந்த பருத்தி, அதனால் செம்பருத்தி என்று நம்மவர்கள் எழுதி முடித்துவிடுகிறார்கள். பருத்தி என்றால் பஞ்சுச் செடி ஒன்றுதான் என்று முன்கூட்டியே முடிவு கட்டியதால் வந்த வினை இது. பஞ்சை விட்டுவிட்டுப் பூவைப் பாருங்கள். ஐந்து இதழ், நடுவே மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிக் குழலாய் நிற்கும். பருத்திப் பூவிலும் அதே குழல்தான். பூவரசிலும் உண்டு, வெண்டையிலும் உண்டு. நம் தீவுக் கடலோரத்தில் மஞ்சளாய்ப் பூத்து, சாயங்காலம் சிவந்து உதிருமே நீர்ப்பருத்தி, அதிலும் உண்டு.

டச்சுக்காரர் வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலான மலையாள வைத்தியர்களைக் கேட்டுத் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாய் வந்தது. அதில் பருத்தி, பூவரசு, நீர்ப்பருத்தி, செம்பருத்தி நான்குக்குமே 'பரிதி' என்று முடியும் பெயர்கள். அந்த வைத்தியர்களுக்கு அது ஒரு செடியின் பெயராக மட்டும் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயராகவும் இருந்திருக்கிறது என்பதே என் துணிபு. 2001ல் அமெரிக்கப் பருத்தி ஆராய்ச்சியாளர் பால் ஃபிரைக்செல், நீர்ப்பருத்தியின் இனத்துக்குத் 'தாலிபரிதி' என்று அங்கிருந்தே பெயர் எடுத்தார். தாவரவியலார் எல்லாரும் அதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்காகப் பருத்தி என்று வருவதெல்லாம் ஒரே குலம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வேலிப்பருத்தி குறுக்கே நிற்கிறது. உத்தாமணி என்போமே, அந்தப் பால்கொடிதான். பூவில் இந்தக் குழல் கிடையாது. காய் வெடித்தால் பட்டுப்போலப் பஞ்சு பறக்கும்; பெயர் அதனால் வந்தது. ஆக, சொல் பூவைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமும், பஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கமும் போயிருக்கிறது. பேத்தி கேட்டது இரண்டாவது வழியை. செம்பருத்தி வந்தது முதல் வழியில்.

'வெள்ளைச் செம்பருத்தி' என்றால் பிழை என்று திருத்துகிறவர்களும் உண்டு. எள்ளின் நெய்தான் எண்ணெய். அவர்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்க்கு என்ன பெயர் சொல்கிறார்களாம்?