பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் தமிழ்ச்சொல்

பல்கலைக்கழக நூலகம் என்றவுடன் குளிரூட்டிய படிப்பறைகளையும், கணினி வரிசைகளையும், வீட்டிலிருந்தே திறக்கும் மின்னூல்களையும் வியந்து பேசுவோர் பலர். வியத்தற்குரியனவே. ஆயினும் நூலகத்தின் வாயில் அதன் பட்டியலன்றோ? அவ்வாயிலில் தமிழ் எந்நிலையில் நிற்கிறது என்பதே தமிழாசிரியர் எண்ணவேண்டுவது.

தமிழ் நூல்களைத் திரட்டும் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் நூற்பெயர்களை அமெரிக்கக் காங்கிரசு நூலக முறைப்படி ரோமன் எழுத்திற் பெயர்த்துப் பதிந்துவந்தன. தமிழறியாத நூலகரும் நூலை எடுத்துத் தர இஃது உதவிற்று. முறையிலும் பழுதில்லை. ளகரத்திற்குக் கீழ்ப்புள்ளி, ழகர, றகர, னகரங்களுக்குக் கீழ்க்கோடு, நெடிலுக்கு மேற்கோடு. முப்பது முதலெழுத்துக்கும் தனித்தனி வடிவம் உண்டு.

குறை தேடும் பொறியில் உள்ளது. பல பொறிகள் இக்குறிகளைக் களைந்துவிட்டே தேடுகின்றன. களைந்தால் குறளும் குரலும் ஒன்று. மலையும் மாலையும் ஒன்று. வலி, வளி, வழி மூன்றும் ஒன்று. நான்காம் வகுப்பு மாணவன் இவ்வாறு எழுதினால் சிவப்பு மைக்குத் தப்பமாட்டான். பொறி எழுதினால் அது தொழில்நுட்ப முன்னேற்றம்!

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 'தோட்டம்' என்னும் சொல்லை நம்மவர் ரோமன் எழுத்தில் எழுதுங்கால் முதலில் 'டி'யும் 'எச்'சும் இடுவர். பட்டியலில் அந்த 'எச்' இல்லை. 'சங்க'த்தை 'எஸ்' எழுத்தில் தேடுவர்; பட்டியலோ 'சி' எழுத்தில் வைத்திருக்கும். தோட்டப் பள்ளி பற்றி ஆய்வேடு எழுதப் புகுந்த மாணவர் ஒருவர் இங்ஙனம் தேடி, ஒன்றும் காணாது, "இத்துறையில் முன்னோர் எவரும் எழுதிலர்" என்று முன்னுரையில் எழுதிவிடுவாராயின், அலமாரியில் இருக்கும் நூலும் இல்லாத நூலாகிவிடுகிறது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிற் கூடிய அதே ஆண்டில், தனிநாயக அடிகள் தொகுத்த தமிழியல் நூல் வழிகாட்டியை மலாயாப் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. இருக்கும் நூல் இருப்பதாகத் தெரிய வேண்டும் என்பதற்கு அன்றே அத்துணை உழைப்பு!

தமிழெழுத்திலேயே பதிதற்குத் தடையும் இல்லை. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பட்டியற் பதிவில் மூல எழுத்தை உடன்வைப்பதற்கென்றே 880 எனும் எண்ணுடைய புலமும் உண்டு. அதனை நிரப்புதற்குத் தமிழறிந்த பணியாளர் வேண்டும். பொறி வாங்கப் பணம் ஒதுக்குவோர் ஆளுக்கு ஒதுக்கத் தயங்குவர்.

தமிழெழுத்து வந்தால் மட்டும் போதுமா? போதாது. 'தமிழ்க்கல்வி' என்று சேர்த்தெழுதிய நூலை, முழுச்சொல்லையே நாடும் பொறி 'கல்வி' என்னும் தேடலுக்குக் காட்டாது. புணர்ச்சியும் வேற்றுமையுருபும் அறியாத பொறிக்குத் தமிழ் பாதிதான் தெரியும். இவ்விடத்தில் கணினியாளருக்கு நன்னூல் கற்பிக்கும் கடமை தமிழாசிரியருடையது.

பழைய இதழ்களின் நிலை வேறு. 1924இல் தொடங்கி 2019இல் நின்ற 'தமிழ் நேசன்' போன்றவற்றின் பழந்தாள்களைப் படமெடுத்து வைத்தால் தாள் பிழைக்கும். ஆனால் படத்திலுள்ள எழுத்தைப் பொறி படித்தாலன்றிச் சொல் கிட்டாது. 1978இல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்துமுன் வழங்கிய துதிக்கை 'லை'யும் 'ணை'யும் நிறைந்த மங்கிய அச்சிலே பொறி அடிக்கடி தடுமாறுகிறது. அங்கெல்லாம் பொறி படித்ததை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப் பழைய அச்சிற் பயின்ற கண் வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் பலருக்கு அக்கண் இன்னும் இருக்கிறது. அவர்களை அழைக்கும் நூலகந்தான் அரிது.