அப்பமும் பந்தியும்

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் மார்ட்டின் லூத்தரும் ஹுல்ட்ரிக் ஸ்விங்லியும் நேருக்கு நேர் அமர்ந்தார்கள். சீர்திருத்தக் கிறிஸ்தவர்களை ஓரணியில் திரட்ட விரும்பிய ஹெஸ்ஸே சிற்றரசர் பிலிப் கூட்டிய சந்திப்பு அது. பதினைந்து கூறுகள் கொண்ட அறிக்கையில் பதினான்கில் இருவரும் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவது கூறான திருவிருந்திலும் பெரும்பகுதி உடன்பாடுதான். அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றனவா என்ற ஓரிடத்தில் பேச்சு முறிந்தது. கடைசி இரவுணவில் அப்பத்தைத் தம் உடல் என்று இயேசு சொன்ன சொற்களை மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, லூத்தர் அதைவிட்டு அசையவில்லை. விண்ணகத்தில் இருக்கும் உடல் இங்கே அப்பத்திலும் எப்படி இருக்கும் என்று ஸ்விங்லி கேட்டார்.

இது வெறும் சொற்போர் என்று ஒதுக்குவோர் உண்டு, நான் ஒதுக்கமாட்டேன். கடவுள் மனிதனைத் தேடி அவன் கைக்கும் வாய்க்கும் எட்டும் அளவுக்கு இறங்கி வருகிறாரா, அல்லது அவரை மனிதன் நினைவால் எட்டிப் பிடிக்க வேண்டுமா என்பதுதான் அங்கே பேசப்பட்டது. நோயில் கிடப்பவருக்கும், விசுவாசம் தளர்ந்தவருக்கும், நினைவு மங்கிய முதியவருக்கும் லூத்தரின் விடை பெரிய ஆறுதல். உன் மனநிலை எப்படி இருந்தாலும் இது உனக்குத் தரப்படுகிறது என்கிறது அது. திருவிருந்தை நினைவுகூரல் என்ற அளவில் நிறுத்திவிட்டால், ஒரு நல்ல பிரசங்கம் செய்யும் வேலையைத்தானே இதுவும் செய்கிறது, உண்பது எதற்கு என்ற கேள்வி எழும். ஸ்விங்லியின் சூரிச் நகரில் ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் திருவிருந்து நடந்ததில் வியப்பில்லை. ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் இடைவழி ஒன்று கண்டார்: கிறிஸ்து விண்ணகத்திலேயே இருக்கிறார், தூய ஆவி நம்மை அவரோடு இணைக்கிறது. அவர் வாரந்தோறும் திருவிருந்து வேண்டுமென்று கேட்டார். ஜெனீவா நகரமன்றம் இசையவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் விடை இவர்களுடையதைவிடப் பழையது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் பொருள்மாற்றம் என்ற கொள்கையை அறிவித்தது. 1551-இல் திரிதெந்து சங்கம் அதை உறுதிசெய்தது. அப்பத்தின் தோற்றம், மணம், சுவை அப்படியே இருக்க, அதன் உட்பொருள் கிறிஸ்துவின் உடலாகிறது. பலிபீடத்தின் முன் ஒரு பாமரரும் மண்டியிடக் கற்ற அந்தப் பயபக்திக்கு நிகராக மற்றச் சபைகளில் எதுவும் இல்லை. ஆனால் அதே பயபக்தி மக்களைப் பந்தியிலிருந்து தள்ளியும் வைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை பாஸ்கா காலத்திலாவது நற்கருணை, அதாவது திருவிருந்து, வாங்க வேண்டும் என்று அதே 1215 சங்கம் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது. மக்கள் பார்த்தார்கள், வணங்கினார்கள், உண்ணவில்லை. பொதுநிலையினருக்கு இரசக் கிண்ணம் இல்லை என்ற வழக்கத்தை 1415-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் சட்டமாக்கியது. போஹீமியாவில் மூண்ட போருக்குக் கிண்ணமும் ஒரு காரணம். அடிக்கடி நற்கருணை வாங்கும்படி 1905-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஊக்குவித்த பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது.

இந்த எல்லா வாதங்களிலும் அப்பத்துக்கு என்ன ஆகிறது என்பதே மையம். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் மடலில் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் முன்னதாகவே உண்டு குடித்து வெறித்திருக்க, ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே இல்லை என்கிறார் பவுல். உடலைப் பகுத்தறியாமல் உண்பவன் தனக்கே தண்டனையை உண்கிறான் என்ற அவருடைய எச்சரிக்கையைப் பல நூற்றாண்டுகள் அப்பத்தைக் குறித்ததாக மட்டுமே வாசித்தன. முந்தைய அதிகாரத்தில், ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் பலரான நாம் ஒரே உடலாகிறோம் என்று அவர் எழுதியிருப்பதைச் சேர்த்து வாசித்தால், உடன் அமர்ந்திருப்பவனும் அந்த உடலில் அடக்கம். ஸ்விங்லிக்கு இது ஓரளவு புரிந்திருந்தது. திருவிருந்தில் சபையே கிறிஸ்துவின் உடலாகிறது என்ற எண்ணம் அவரிடம் வலுவாக உண்டு. அவரை வறட்டு அறிவுவாதி என்று தள்ளுவோர் இதைக் கவனிப்பதில்லை.

ஒரு கோட்பாட்டை, அது அப்பத்தைப் பற்றிச் சொல்வதைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அது அமைக்கும் பந்தியையும் பார்க்க வேண்டும். அதற்குத் தமிழகத் திருச்சபை வரலாற்றைவிடக் கடுமையான உரைகல் இல்லை.

1706-இல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். அங்கிருந்து பரவிய லூத்தரன் சபைகள் மெய்ப்பிரசன்னத்தை உறுதியாக நம்பின. அதே சபைகளில் உயர்சாதியார் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டோர் மறுபக்கம் அமர்ந்தார்கள். கிண்ணமும் சாதி வரிசைப்படியே போனது. கிறிஸ்துவின் இரத்தம் என்று முழுமனதோடு நம்பிய அதே கிண்ணத்தில், தனக்கு முன் பறையர் ஒருவர் வாய்வைக்கக் கூடாது என்றும் ஒருவரால் நம்ப முடிந்தது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருவிருந்து உட்பட எதிலும் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சைச் சபைகள் கலங்கின, பலர் வெளியேறினர். பின்னாளில் அவர்களில் ஒரு பகுதியினர், சாதி சமூக வழக்கம், அது மெல்லக் கரையட்டும் என்று கருதிய லைப்சிக் லூத்தரன் மிஷனில் அடைக்கலம் கண்டார்கள். 1847-இல் மதுரையின் அமெரிக்க மிஷன் தன் ஊழியர்களைச் சமபந்தி உணவில் அமரச் சொன்னபோதும் உபதேசியார்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள்.

வில்சன் சுவிசேஷப் பற்றாளர். மதுரையில் இருந்தவர்கள் கால்வின் மரபினர். அப்பத்தில் மெய்யாகவே கிறிஸ்து இருக்கிறார் என்று லூத்தரைப்போல் அழுத்திச் சொல்லாதவர்களே பந்தி ஒன்றாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். இதை வைத்து லூத்தரின் கொள்கையே தவறு என்று முடிவுகட்டக் கூடாது. அந்தக் கொள்கைக்குள் அயலானைப் பற்றிய ஒரு கட்டளை இருந்தும், தரங்கம்பாடி மரபு அதைப் பந்திவரை கொண்டுவரவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. மறுதரப்பின் குறையையும் சொல்லியாக வேண்டும். தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் காட்டிய எதிர்ப்பில் சாதிப்பற்று இருந்தது உண்மை. ஆனால் சமபந்தியைக் கட்டளையிட்ட வெள்ளைக்காரப் போதகர்களே தங்கள் வீட்டு மேசையில் நாட்டுக் கிறிஸ்தவரைச் சமமாக உட்காரவைப்பது அரிதாக இருந்தது. 1910 எடின்பரோ மிஷனரி மாநாட்டில் தமிழ்ப் போதகர் வேதநாயகம் அசரியா நட்பைக் கேட்டது இந்தக் காயத்திலிருந்துதான்.

கத்தோலிக்கத் தரப்பில் வடக்கன்குளம் ஆலயம் தனிக்கதை. ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாக விரிந்த அந்தக் கட்டடத்தில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் தீண்டாமல் ஒரே நற்கருணை ஆண்டவரை வணங்கினார்கள். பின்னர் ஆயர் தரப்பு பிரிவினைச் சுவரை அகற்றியபோது வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது. கிறிஸ்தவர் தீட்டைக் காரணம் காட்டி உரிமை கோர முடியாது என்று தீர்ப்பானது. ஒரு திருச்சபை தன் நற்கருணைக் கொள்கையிலிருந்தே எடுத்திருக்க வேண்டிய முடிவு அது.

நம் ஊரில் பொதுக்கிண்ணம் தொடும் இடம் எச்சில். இன்னொருவர் வாய்வைத்ததில் வாய்வைப்பது சாதியின் ஆழமான அருவருப்பைத் தொடுகிறது. ஒரே கிண்ணத்தில் எல்லாரும் பருகுவது மார்பர்க்கில் சாதாரணச் செயல்; தஞ்சையில் அது புரட்சி. உதடு மாற்றி உதடு படும் அந்தக் கிண்ணம், கிறிஸ்து எப்படி இருக்கிறார் என்ற எந்த விளக்கத்தையும்விட இங்கே உரக்கப் பேசியது.

1919-இல் தரங்கம்பாடியிலேயே அசரியா முதலியோர் கூடித் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. ஆங்கிலிக்கர், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் மரபினர் ஒரே பந்திக்கு வந்தார்கள். பிரசன்னம் எவ்வகையது என்பதில் எல்லாரும் ஒரே விளக்கத்துக்கு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இந்தத் துணிவை நான் மதிக்கிறேன். அதன் விலையும் தெரிகிறது: திருவிருந்தின் பொருளைப் பற்றிப் பல சபைகளில் இன்று போதனையே குறைவு, மாதத்தின் ஒரு ஞாயிறு ஆராதனை சற்று நீளும் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை நீண்ட உரையாடலுக்குப் பிறகும் இணையவில்லை. பொருளைத் தெளிவாக்காமல் பந்தியில் அமர முடியாது என்ற அதன் தயக்கத்தை வெறும் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன்.

கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் பிற சபையினருக்குப் பொதுவாக நற்கருணை தருவதில்லை. ஒற்றுமை எட்டிய பிறகே ஒரே பந்தி என்பது அதன் நியாயம். நேர்மையான நியாயம்தான். ஆனால் கணவர் வரிசையில் போக, மனைவி இருக்கையிலேயே தங்கும் கலப்புத் திருமணக் குடும்பங்களில் அந்த நியாயம் ஒரு தண்டனையாக இறங்குகிறது. 2015-இல் ரோமிலுள்ள லூத்தரன் ஆலயத்தில் இப்படி ஒரு பெண் கேட்டபோது, திருத்தந்தை பிரான்சிஸ் சட்டத்தை மாற்றாமல், ஆண்டவரிடம் பேசி முன்செல்லுங்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். ஒரே திருமுழுக்கை ஏற்கும் இருவரை அப்பம் பிரிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பல சீர்திருத்தச் சபைகளில் இப்போது பொதுக்கிண்ணம் போய், ஆளுக்கொரு சிறு கண்ணாடிக் கிண்ணம் வந்துவிட்டது. கொரோனா காலம் அதை இன்னும் பரப்பியது. தொற்று அச்சம் நியாயமானது. நோயாளிகளையும் முதியோரையும் காப்பதும் அன்புதான். ஆனால் இதைச் சுகாதாரக் கேள்வியாக மட்டும் பார்த்துத் தீர்த்தது தவறு என்பேன். எச்சில் அருவருப்பைப் பொதுக்கிண்ணத்தால் உடைத்த ஒரு திருச்சபை, தனிக்கிண்ணத்துக்கு மாறும்போது எதை இழக்கிறோம் என்று சபையாரோடு பேசியிருக்க வேண்டும். தனித்தனி வில்லைகளுக்குப் பதிலாக ஒரே அப்பத்தை எல்லார் கண்முன்னும் பிட்டு வழங்கும் முறையை ஈடாகக் கொண்டுவந்திருக்கலாம். கல்லறையில் இன்றும் சாதிக்கொரு பக்கம் வைத்திருக்கும் ஊர்களில், அந்த அப்பத்தைப் பிட்டு வழங்கும் கை யாருடையது, பெறும் வரிசையில் முதலில் நிற்பவர் யார் என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.